மகலனோபிஸ் கண்ட தூரம்

எழுதியது: ஒன்பதாம் வகுப்பு மாணவி, தேவாரம்



ஒரு சார்ட்டில் முடிக்கணும் என்றுதான் ஆரம்பித்தேன். இரண்டாகிவிட்டது. கீழே ஒட்டியிருக்கிற சார்ட்டைக் கொஞ்சம் குனிந்து படித்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து யாரும் ஓரத்தைக் கிழிக்க வேண்டாம்.

ஜூன் 29 புள்ளியியல் தினம். 2007ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் கொண்டாடுகிறார்கள். அது பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் பிறந்த நாள். இந்த மாசப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி யார் எழுதுகிறீர்கள் என்று கணக்கு டீச்சர் கேட்டபோது நான் முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. என் மாமா.

எங்க மாமா போடியில் ஒரு ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். பத்து வருஷமாகத் தினமும் ஏலத்தின் சராசரி விலையையும் உச்ச விலையையும் டைரியில் எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு ஒழுங்கானவர். போன வருஷம் போனில் ஷேர் மார்க்கெட் பார்க்க ஆரம்பித்தார். யாரோ ஒருத்தர் ஒரு இண்டிகேட்டரை விலைக்கு விற்றார். இண்டிகேட்டர் என்றால் விலைகளை ஏதோ கணக்குப் போட்டு ஒரு கோடாகக் காட்டும். கோடு மேலே எகிறினால் வாங்கணும், அவ்வளவுதான் அவர்கள் சொன்னது. உள்ளே என்ன சூத்திரம் என்று மாமா கேட்டதற்கு அது ரகசியம் என்று சொல்லிவிட்டார்கள்.

கோடு எகிறியது. மாமா வாங்கினார். விலை இறங்கியது. அதில் 30,000 ரூபாய் எங்க அம்மாவுடையது. அம்மா விடியக்காலம் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும். அப்படிச் சேர்த்த சீட்டுப் பணம், அக்காவின் நர்சிங் படிப்புக்கு வைத்திருந்தது. அதற்கப்புறம் மாமா வீட்டுக்கு வருவதில்லை. அம்மாவும் கூப்பிடவில்லை.

இதை டீச்சரிடம் சொல்லி, அந்தக் கோட்டுக்குள் என்ன இருக்கும் என்று கேட்டேன். மூடி வைத்த சூத்திரத்தை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, ஆனால் மார்க்கெட் எவ்வளவு கொந்தளிக்கிறது என்று அளக்க ஒரு திறந்த சூத்திரம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தவர் ஒரு இந்தியர், அவர் ஷேர் மார்க்கெட்டுக்காகக் கண்டுபிடிக்கவே இல்லை என்று டீச்சர் சொன்னார்கள். அவர்தான் மகலனோபிஸ்.

இனி அவர் கதை.

1893ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். தாத்தா பெயர் குருசரண். பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். பேரனும் பிரம்ம சமாஜப் பள்ளியில்தான் படித்தான். பிறகு பிரசிடென்சி கல்லூரி. அங்கே ஜகதீஷ் சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் எல்லாம் வாத்தியார்கள். நம் பாடப் புத்தகத்தில் படமாக இருக்கிறவர்கள் அவருக்கு எதிரே கரும்பலகையில் எழுதியிருக்கிறார்கள்! 1912இல் இயற்பியலில் பட்டம் வாங்கினார்.

1913இல் இங்கிலாந்து போனார். லண்டனில் படிப்பதாகத்தான் திட்டம். ஒரு நாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர் அங்கே கிங்ஸ் கல்லூரியின் தேவாலயத்தைப் பார்த்து அசந்துபோய் நின்றுவிட்டார். கடைசி ரயில் போய்விட்டது. ராத்திரி ஒரு நண்பர் அறையில் தங்கினார். இவ்வளவு பிடித்திருந்தால் இங்கேயே சேரலாமே என்று நண்பர் சொல்ல, மறுநாள் கேட்டுப் பார்த்தார், இடம் கிடைத்துவிட்டது. கடைசி பஸ்ஸை விட்டால் நமக்கு அடிதான் கிடைக்கும். அவருக்குக் கேம்பிரிட்ஜ் கிடைத்தது.

அங்கே அவருக்கு ஒரு தமிழர் நண்பரானார். யார் தெரியுமா? நம் ஸ்ரீனிவாச ராமானுஜன்! ராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் வந்தார். குளிர்காலத்தில் ஒரு நாள் மகலனோபிஸ் அவர் அறைக்குப் போனபோது, ராத்திரி குளிரில் தூங்கவே முடியவில்லை என்று ராமானுஜன் வருத்தப்பட்டிருக்கிறார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டு படுத்தாராம். இவர் போய்க் கட்டிலைப் பார்த்தால் கம்பளிகள் மெத்தையோடு சேர்த்து ஒழுங்காகச் செருகி வைக்கப்பட்டிருக்கின்றன. அதை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கணும் என்பது கும்பகோணத்துக்காரருக்குத் தெரியவில்லை, பாவம். எப்படி என்று மகலனோபிஸ் காட்டிக்கொடுத்தார். போடிமெட்டுக் குளிரையே நம்மால் தாங்க முடிவதில்லை.

இன்னொரு நாள் ராமானுஜன் அடுப்பில் காய்கறி கிண்டிக்கொண்டிருந்தார். மகலனோபிஸ் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பத்திரிகையில் வந்த புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு தெரு. வீடுகளுக்கு 1, 2, 3 என்று எண். ஒரு வீட்டுக்கு இடது பக்கம் இருக்கிற எண்களின் கூட்டுத்தொகையும் வலது பக்கம் இருக்கிற எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50க்கு மேல் 500க்குள் வீடுகள். அது எந்த வீடு? மகலனோபிஸ் கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்து விடையைக் கண்டுபிடித்திருந்தார். ராமானுஜனோ கரண்டியை விடாமலே ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அதிலிருந்து அந்த ஒரு விடை மட்டும் அல்ல, அந்த மாதிரித் தெருக்கள் எத்தனை உண்டோ அத்தனைக்கும் விடை வந்தது.

நானும் போட்டுப் பார்த்தேன். தொடர் பின்னம் எனக்கு வராது. 8 வீடு உள்ள தெருவில் 6ஆம் வீடு சரியாக வருகிறது. 1 முதல் 5 வரை கூட்டினால் 15. 7ம் 8ம் கூட்டினாலும் 15. அடுத்தது 49 வீட்டில் 35ஆம் வீடு. புதிரின் விடை 288 வீட்டில் 204ஆம் வீடு. இரண்டு பக்கமும் 20,706 வரணும். சும்மா நம்பாதீர்கள், போட்டுப் பாருங்கள்.

1915இல் மகலனோபிஸ் முதல் வகுப்பில் தேறினார். அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்ததால் ஊருக்குத் திரும்ப வேண்டிய கப்பல் தாமதமானது. சும்மா இருக்க முடியாமல் நூலகத்துக்குப் போனார். அங்கே ஒரு ஆசிரியர் பயோமெட்ரிகா என்ற பத்திரிகையின் தொகுதிகளைக் காட்டினார். உயிர்களை அளந்து அந்த அளவுகளைக் கணக்குப் போடுகிற பத்திரிகை. இவருக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், எல்லாத் தொகுதிகளையும் விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்க ஆரம்பித்துவிட்டார். இயற்பியல் படிக்கப் போனவர் புள்ளியியல்காரராகத் திரும்பி வந்தார். இந்தியாவில் அப்போது புள்ளியியலுக்கென்று ஒரு வகுப்புகூடக் கிடையாது. பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் வாத்தியாராக இருந்துகொண்டேதான் இதையும் செய்தார்.

அவர் திருமணம், தாகூரோடு இருந்த நட்பு, விசுவபாரதியில் பத்து வருஷம் செயலாளராக இருந்தது இதெல்லாம் எழுதினால் மூன்றாவது சார்ட் ஆகிவிடும். நேரே தூரத்துக்கு வருகிறேன்.

1920இல் நாக்பூரில் அறிவியல் மாநாடு. அங்கே விலங்கியல் ஆய்வுத் துறையின் தலைவர் அன்னண்டேல் என்பவர், கல்கத்தாவில் இருக்கும் ஆங்கிலோ இந்தியர்களை அளந்து வைத்த அளவுகளை இவரிடம் கொடுத்தார். உயரம், தலையின் நீளம், தலையின் அகலம், மூக்கின் அளவு. இதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா என்று கேட்டார். 1922இல் முதல் கட்டுரை வந்தது. அடுத்து வங்காளத்தில் பல சாதிக்காரர்களை அளந்து யாருக்கும் யாருக்கும் எவ்வளவு நெருக்கம் என்று பார்த்தார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை என்று டீச்சரிடம் சொன்னேன். மனுஷங்க மூக்கைச் சாதி வாரியாக அளந்து என்ன ஆகப் போகிறது? டீச்சரும் ஆமாம் என்றார்கள். மூக்கையும் மண்டையையும் அளந்து மனிதர்களை இனம் பிரிப்பதை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. ஆனால் அந்த வேலையில் பிறந்த கணக்கு மட்டும் தப்பித்து வந்துவிட்டது.

அந்தக் கணக்கு எப்படிப் பிறந்தது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அப்போது லண்டனில் கார்ல் பியர்சன் என்ற பெரிய புள்ளியியல் அறிஞர் இருந்தார். பயோமெட்ரிகாவை நடத்தியவரே அவர்தான். இரண்டு கூட்டத்தாருக்கு நடுவே எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க அவரும் ஒரு அளவு வைத்திருந்தார். 1927இல் மகலனோபிஸ் சில மாதங்கள் அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே வேலை பார்த்தார். குருவின் சூத்திரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உள்ளே பிரித்துப் பார்த்தார். இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, எத்தனை பேரை அளந்தோம் என்பதைப் பொறுத்து விடை கூடிப் போகிறது. பத்துப் பேரை அளந்தால் ஒரு வித்தியாசம், நூறு பேரை அளந்தால் வேறு வித்தியாசம் என்றால் அது என்ன அளவுகோல்? இன்னொன்று, ஒவ்வொரு அளவையும் தனித்தனி ஆள் மாதிரி நினைக்கிறது. உண்மையில் தலை நீளமாக இருந்தால் பெரும்பாலும் அகலமும் கூட இருக்கும். இரண்டும் சேர்ந்துதான் நடக்கும். குருவும் இவரும் இதில் ஒத்துப்போகவில்லை. இவர் விடவும் இல்லை. 1936இல் தன் அளவைப் பொது வடிவத்தில் வெளியிட்டார். அதற்கு இன்று உலகம் முழுவதும் மகலனோபிஸ் தூரம் என்று பெயர்.

நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நம் வகுப்பில் ஒரு பெண் உயரமாகவும் அதற்கேற்ற எடையாகவும் இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். குட்டையாகவும் எடை குறைவாகவும் இருந்தாலும் அப்படித்தான். ரொம்ப உயரமாக இருந்துகொண்டு எடை மட்டும் குறைந்தால்தான் நர்சு அக்கா கூப்பிட்டு விசாரிப்பார்கள். உயரத்தைத் தனியாக, எடையைத் தனியாகப் பார்த்தால் இந்த விசேஷம் தெரியாது. சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். மகலனோபிஸ் தூரம் அந்தச் சேர்த்துப் பார்க்கிற வேலையைச் செய்கிறது.

இனி ஏலக்காய்க்கு வாருங்கள். போடியிலும் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் கம்ப்யூட்டர் ஏலம் நடப்பது உங்களுக்குத் தெரியும். 2019 ஆகஸ்டில் புற்றடியில் உச்ச விலை கிலோ 7,000 ரூபாய்க்குப் போனதை நம் ஊரில் இன்னும் பேசுகிறார்கள். ஒவ்வொரு ஏலத்துக்கும் சராசரி விலை, உச்ச விலை என்று இரண்டு போடுவார்கள். ஒன்று ஏறினால் பெரும்பாலும் மற்றதும் ஏறும். கணக்குப் புரிவதற்காக நானே எண்களை வைத்துக்கொள்கிறேன். இது நிஜ விலை அல்ல. சராசரி விலை ஒரு ஏலத்துக்கும் அடுத்த ஏலத்துக்கும் வழக்கமாக 10 ரூபாய் அளவுக்கு மாறும், உச்ச விலை 20 ரூபாய் அளவுக்கு மாறும். இந்த வழக்கமான சிதறலுக்குத் திட்ட விலக்கம் என்று பெயர். அது பத்தாம் வகுப்பில்தான் வரும், அக்காவின் பழைய புத்தகத்தில் பார்த்தேன். இரண்டும் எவ்வளவு சேர்ந்து நடக்கின்றன என்பதற்கு ஒட்டுறவு என்று பெயர். அதை 0.8 என்று வைத்துக்கொள்வோம். 1 என்றால் ஒட்டிப் பிறந்த இரட்டை மாதிரி, 0 என்றால் சம்பந்தமே இல்லை.

சராசரி விலையின் மாற்றத்தை 10ஆல் வகுத்தால் வருவது அ. உச்ச விலையின் மாற்றத்தை 20ஆல் வகுத்தால் வருவது ஆ. ஒட்டுறவு ர. அப்போது,

தூரத்தின் வர்க்கம் = (அ² + ஆ² − 2 × ர × அ × ஆ) ÷ (1 − ர²)

முதல் நாள் சராசரி 10 ரூபாய் ஏறுகிறது, உச்ச விலை 20 ரூபாய் ஏறுகிறது. அ = 1, ஆ = 1. மேலே 1 + 1 − 1.6 = 0.4. கீழே 1 − 0.64 = 0.36. விடை சுமார் 1.11.

இரண்டாம் நாள் சராசரி 10 ரூபாய் இறங்குகிறது, உச்ச விலை மட்டும் 20 ரூபாய் ஏறுகிறது. அ = −1, ஆ = 1. மேலே 1 + 1 + 1.6 = 3.6. கீழே அதே 0.36. விடை 10!

இரண்டு நாளும் மாறிய ரூபாய் ஒரே அளவுதான். ஆனால் இரண்டாம் நாள் ஒன்பது மடங்கு விசேஷமான நாள். யாரோ ஒருவர் நல்ல காயை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்களோ என்னவோ, ஏதோ நடந்திருக்கிறது.

இந்தச் சூத்திரத்தைத்தான் 1999இல் அமெரிக்காவில் சிலர் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். 2010இல் மார்க் கிரிட்ஸ்மன், யுவான்சென் லி என்ற இருவர் விரிவாக எழுதினார்கள். மண்டை ஓடு என்ற வார்த்தையைத் தலைப்பிலேயே வைத்து, இது மகலனோபிஸ் மண்டை ஓடுகளுக்குப் பயன்படுத்திய அளவு என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். பல வகைச் சொத்துகளின் விலை மாற்றத்தை எல்லாம் சேர்த்து, இன்று வழக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்கிறார்கள். இதற்குக் கொந்தளிப்புக் குறியீடு என்று பெயர். 1987இல் சந்தை விழுந்தபோதும் 2008இல் விழுந்தபோதும் அந்தக் கோடு எகிறி நிற்கிறது.

மகலனோபிஸ் வாழ்க்கையில் இந்தத் தூரம் ஒரு பகுதிதான். அவர் எதை எடுத்தாலும் அந்த எண் எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் பார்த்திருக்கிறார்.

1926இல் ஒரிசாவில் பிராமணி ஆற்றில் பெரிய வெள்ளம். ஆற்றின் படுகை மேடாகிவிட்டது, அதனால் கரையை உயர்த்தணும் என்று பொறியாளர்கள் குழு சொன்னது. பெரிய பெரிய பொறியாளர்கள் சொன்னால் யார் மறுப்பார்கள்? இவர் சுமார் 60 வருஷத்துக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். படுகை மேடாகவே இல்லை என்று தெரிந்தது. மேலே மலைப்பக்கம் மழை அதிகம் பெய்ததுதான் காரணம். கரையை உயர்த்துவதில் பிரயோஜனம் இல்லை, மேலே அணை கட்டித் தண்ணீரைத் தேக்கணும் என்று கணக்கோடு சொன்னார். மகாநதியில் ஹிராகுட் அணை 1957இல் கட்டி முடிந்தது. அதற்கு அடிப்படையான கணக்குகள் இவர் அப்போது போட்டவை.

1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். பிரசிடென்சி கல்லூரியில் அவருடைய அறைதான் நிறுவனம். முதல் வருஷச் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு! 1933இல் சாங்கியா என்ற ஆராய்ச்சிப் பத்திரிகையையும் ஆரம்பித்தார். நம் சுவர்ப் பத்திரிகைக்குச் சார்ட் வாங்கவே நாம் வசூல் பண்ண வேண்டியிருக்கிறது, அவர் எப்படிச் சமாளித்தாரோ.

அடுத்தது சணல். வங்காளத்தில் எவ்வளவு சணல் விளைகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. எல்லா வயலையும் அளக்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. குலுக்கல் மாதிரி சில இடங்களைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் அளந்து மொத்தத்தைச் சொல்லலாம் என்று 1937இல் ஆரம்பித்தார். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு என்று எங்க அம்மாச்சி செய்கிற அதே வேலைதான். ஆனால் அந்த ஒரு சோற்றை எப்படி எடுக்கணும் என்பதில்தான் அவர் கெட்டிக்காரர்.

பயிரை அறுத்து எடை பார்க்கும்போது சின்னச் சின்னத் துண்டு நிலமாக எடுத்தால் விளைச்சல் எப்போதும் கூடுதலாகவே வருகிறது என்று கண்டுபிடித்தார். ஏன்? ஓரத்துக் கோட்டில் நிற்கிற செடியை அளக்கிற ஆள் உள்ளே சேர்த்துவிடுகிறார். வேணும் என்று செய்வதில்லை, கை அப்படித்தான் போகும். படி அளக்கும்போது மேலே கும்பலாக நிற்குமே, அது மாதிரி. துண்டு சின்னதாக இருந்தால் உள்ளே இருப்பதைவிட ஓரம் அதிகம், பிழையும் அதிகம். இன்னொன்றும் செய்தார். ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனிக் குழுவை அனுப்புவார். ஒரு குழு அளந்தது இன்னொரு குழுவுக்குத் தெரியாது. இரண்டு விடையும் கிட்டக் கிட்ட வந்தால் நம்பலாம். தள்ளித் தள்ளி வந்தால் யாரோ மரத்தடியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

இதைப் படித்துச் சொன்னபோது அம்மா சிரித்துவிட்டது. தோட்டத்தில் சாயங்காலம் காயை நிறுத்துக் கொடுக்கும்போது ஒரு எடை, ஸ்டோரில் போய் நிறுத்தால் இன்னொரு எடை வருமாம். அந்த மனுஷரை எங்க தோட்டத்துக்கு அனுப்பியிருக்கலாம் என்று அம்மா சொல்லுச்சு. ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் அம்மா சிரித்துப் பார்த்தேன்.

1945இல் லண்டன் ராயல் சொசைட்டி இவரை உறுப்பினராக்கியது. சுதந்திரத்துக்குப் பின் நேரு இவரைக் கூடவே வைத்துக்கொண்டார். 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. நம் தெருவில் வீட்டுக்கு வந்து அரிசி எவ்வளவு வாங்குகிறீர்கள், எண்ணெய் எவ்வளவு என்று கேட்டு எழுதுகிறார்களே, அதன் வேர் அங்கேதான் இருக்கிறது. (அம்மாச்சி எண்ணெயைக் குறைத்துச் சொன்னது எனக்குத் தெரியும்.) 1956இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவு இவருடையது. இரும்பு, இயந்திரம் போன்ற கனரகத் தொழில்களுக்கு முதலிடம் கொடுத்தார். விவசாயத்தைக் கவனிக்காமல் விட்டார் என்று குறை சொல்கிறவர்களும் உண்டு. அதே 1956இல் இந்தியாவின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் அவருடைய நிறுவனத்தில் வேலை செய்யத் தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து வாங்கியது. அதற்கு முன்னால் எல்லாக் கணக்கையும் மனுஷங்கதான் போட்டார்கள்.

1968இல் பத்ம விபூஷண் விருது. 1972 ஜூன் 28ஆம் தேதி காலமானார். மறுநாள் விடிந்திருந்தால் 79 வயது.

போன ஞாயிற்றுக்கிழமை போடிக்குப் போய் மாமாவைப் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. மேலே எழுதின கணக்கை நோட்டில் போட்டு மாமாவிடம் கொடுத்தேன். முதல் நாளும் இரண்டாம் நாளும் போட்டுப் பார்த்தார். சரி என்றார். அப்புறம் நான் இன்னொன்று போடச் சொன்னேன். சராசரி 10 ரூபாய் இறங்கி, உச்ச விலையும் 20 ரூபாய் இறங்கினால்? அ = −1, ஆ = −1. போட்டார். 1.11 வந்தது. ஏறினபோதும் அதே 1.11தான். சராசரி ஏறி உச்ச விலை இறங்கினால் மறுபடியும் 10.

மாமா பேனாவை வைத்துவிட்டார். கொந்தளிக்கிறது என்று மட்டும்தான் இது சொல்கிறது, ஏறுமா இறங்குமா என்று சொல்லவே இல்லையே என்று கேட்டார். ஆமாம் மாமா, வர்க்கம் எடுத்துவிட்டதால் கூட்டலும் கழித்தலும் போய்விடுகிறது என்று சொன்னேன். அவர் வாங்கினது இதே கோடுதானா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது, சூத்திரத்தைத்தான் காட்டவில்லையே. அவருக்கு விற்ற ஆளுக்குப் போன் பண்ணினார். எடுக்கவில்லை.

அப்புறம் மாமா தன் டைரியை எடுத்தார். போன மாசத்து ஏல விலை எல்லாம் அதில் இருந்தது. வழக்கமான மாற்றம் நான் வைத்த மாதிரி 10 ரூபாயா, இல்லை வேறயா என்று நிஜ எண்ணை வைத்துப் பார்க்கலாம் என்றார். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து பாதிதான் முடித்தோம். மீதியை வீட்டுக்கே வந்து முடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் சொன்னேன். எந்தக் கிழமை வருவான் என்று கேட்டுச்சு.